கானகத் தரையின் சிறு செடிகள்: ஓவியம் முதல் ஒளிப்படம் வரை

ராயகிரியில் எத்தெருவில் நின்று மேற்கே நோக்கினும் மலை தெரியும். சங்கரன்கோவிலுக்கு வடமேற்கே, சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் அண்மையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழைச் சரிவு வந்து இறங்கும் நிலத்தில் அமைந்தது இவ்வூர். கேரளத்திற்குள் பாய்ந்து அரபிக்கடலை அடையும் பெரியாறு, சிவகிரி மலைமுடிகளில் தோன்றுகிறது என்பர். அடிவாரத்தில் முட்செடிகளும் புதர்களும். ஏற ஏற இலையுதிர் மரங்கள். அதற்கும் மேலே, ஓடைகளை ஒட்டியும் முகில் தங்கும் உச்சிகளிலும் பசுமை மாறாக் காடு. அக்காட்டினுள் நுழைந்தால் நண்பகலும் அந்திப்பொழுது போலிருக்கும்.

நம் கவிஞர்கள் மலையைப் பாடியிருக்கிறார்கள். அருவியையும் முகிலையும் யானையையும் வேங்கை மரத்தையும் பாடியிருக்கிறார்கள். மர நிழலின் அடியில், மக்கிய சருகுக்கு நடுவே, ஒரு விரல் உயரத்தில் நின்று பூத்து உதிரும் சிறு செடியைப் பாடியவர் சிலரே. அதை வரைந்தோரும் படமெடுத்தோரும் சிலரே. பத்தாண்டு நிறைவு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று வட்டத்தார் பணித்தபோது, அச்சிலரைப் பற்றி எழுதத் துணிந்தேன். அதற்குக் காரணம் என்னிடமுள்ள ஒரு பழைய படம்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், வனத்துறை அனுமதி பெற்று மலையேறிய சிறு குழுவொன்றில் நானும் இருந்தேன். வழிகாட்டி வந்தவர் பளியர் குலத்து முதியவர். ஓடைக்கரையில், பாறையின் நிழலில், அவர் காட்டிய சிறு செடி ஒன்றை இரவல் வாங்கிய கேமராவில் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்தேன். அப்போது அது பூக்கும் பருவமன்று. இலை மட்டுமே இருந்தது. செடியின் பெயரை அவர் சொன்னார். "எழுதி வச்சுக்கிடுங்க சார், கீழ இறங்குனா மறந்துரும்" என்றும் சொன்னார். "மறக்காது பெரியவரே" என்றேன். படம் கழுவி வந்ததும் அதன் பின்புறத்தில் பென்சிலால் குறித்தேன்: "துளை 16, நேரம் 4 விநாடி." பெயரை எழுதவில்லை. மறு ஆண்டு கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். அதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

பின்னர் அப்படத்தைத் தாவரவியல் கற்ற நண்பர்களிடம் காட்டினேன். பூவோ காயோ இன்றி இலையை மட்டும் கண்டு இனத்தைத் துணிய இயலாது என்றார்கள். மலைமக்கள் இருவரிடம் காட்டினேன். இருவரும் இருவேறு பெயர் சொன்னார்கள். படம் இன்றும் தெளிவாக இருக்கிறது. அது யாருடைய படம் என்பதுதான் தெரியவில்லை.

இப்பிழையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. செடியின் உருவம், செடியின் பெயர், அதனைக் காட்டியும் தீட்டியும் தந்தவரின் பெயர் ஆகிய மூன்றும் ஒரே தாளில் கூடி நின்ற காலங்கள் நம் நாட்டு வரலாற்றில் மிகச் சில. ஒன்று இருந்தால் மற்றொன்று இல்லை. அந்த வரலாற்றையே இங்குச் சுருக்கமாகச் சொல்ல முயல்கிறேன்.

கபிலர் விட்டுச்சென்ற பெயர்கள்

நம் மரபில் முதலில் நின்றது பெயர். கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவிக்கும் மலர்களாக 99 பூக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. தமிழ் மாணவர் அனைவரும் அறிந்த செய்தி இது. உலக இலக்கியத்தில் இத்துணைப் பழமையான பூப்பட்டியலைக் காண்பது அரிது. 1889இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த பின்னர் இப்பட்டியல் கற்றோர் அனைவர் கைக்கும் வந்தது.

உரையைப் பார்ப்போர்க்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. சில பூக்களுக்கு உரையாசிரியர் தம் காலத்து வழக்குப் பெயரைத் தருகிறார். வகுளம் மகிழம்பூ ஆகிறது, கூவிளம் வில்வப்பூ ஆகிறது. ஆனால் எறுழம், கூவிரம் போன்றவற்றுக்கு அப்பெயரோடு பூ என்னும் சொல்லைச் சேர்ப்பதைத் தவிர அவரால் வேறொன்றும் செய்ய இயலவில்லை. கபிலருக்கும் உரையாசிரியருக்கும் இடைப்பட்ட பல நூற்றாண்டுகளில் பெயர் பிழைத்தது, பூ மறைந்தது. பின்னாளில் பி. எல். சாமி போன்ற அறிஞர்கள் தாவரவியலையும் சங்க நூலையும் ஒருங்கே கற்று, அப்பெயர்களுக்கு உரிய செடிகளைத் தேடினர். பலவற்றைக் கண்டனர். அனிச்சம் எது என்பது போன்ற வினாக்கள் இன்னும் தீரவில்லை.

கபிலரின் பட்டியலில் மரப்பூவும் கொடிப்பூவும் நீர்ப்பூவுமே மிகுதி. கூந்தலில் சூடவும் தழையாக உடுக்கவும் உரியவை அவை. சருகோடு சருகாகக் கிடக்கும் சிறு செடிக்கு அங்கே இடம் குறைவு. சூடுவோர் இல்லாத பூ பாட்டுக்குள் வருவது கடினம். அப்பூவைத் தேடி வந்தவர் மருந்து தேடியவரே.

பெயரும் படமும் கூடிய ஒரு நூல்

மருந்து தேடியோரின் அறிவு முதன்முதலில் பெரிய அளவில் படமாக ஏறியது நம் மலைக்கு மறுபுறத்தில். கொச்சியில் டச்சுக்காரரின் ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடு என்பவரின் முயற்சியால் ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்'. எழுநூற்றுக்கும் மேற்பட்ட தாவரங்களின் செப்புத் தகட்டுப் படங்கள் அதில் உள்ளன. நம் நோக்கில் அந்நூலின் சிறப்பு படங்களின் அழகு மட்டுமன்று. ஒவ்வொரு படத்தின் தலைப்பிலும் அத்தாவரத்தின் உள்நாட்டுப் பெயர் மலையாள எழுத்திலும் அரபு எழுத்திலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. செடியின் பயனைச் சொன்ன இட்டி அச்சுதன் என்னும் வைத்தியரின் சான்றுரையும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகிய மூவரின் சான்றுரையும் முதல் தொகுதியில் அவரவர் பெயரோடு அச்சேறியிருக்கின்றன. இட்டி அச்சுதனின் சான்றுரை 1675ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

உருவம், உள்ளூர்ப் பெயர், சொன்னவர் பெயர் என்னும் மூன்றில் மூன்றும் அங்கே கூடின. கூடாதது ஒன்று உண்டு. செடிகள் வெண்தாளில் நிற்கின்றன. அவை நின்ற நிலமும் நிழலும் அங்கில்லை.

பாளையங்கோட்டை வைத்தியரும் ஓவியர் இருவரும்

மலையின் நம் பக்கத்துக்கு வருவோம். ஸ்காட்லாந்தில் பிறந்து, 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மருத்துவப் பணியில் சேர்ந்த இராபர்ட் வைட், 1834இல் விடுப்பு முடிந்து இந்தியா திரும்பிய பின் ஒரு படைப்பிரிவின் மருத்துவராகப் பாளையங்கோட்டைக்கு வந்தார். அங்கிருந்து குற்றாலத்திற்குச் சென்று, 1835, 1836ஆம் ஆண்டுகளில் அம்மலைத் தாவரங்களைத் திரட்டினார். குற்றாலத் தாவரங்களைப் பற்றிச் சென்னை ஆய்விதழில் எழுதினார். ராயகிரியிலிருந்து பார்த்தால் தென்மேற்கே தொடர்ந்து செல்லும் அதே மலைத்தொடர்தான் குற்றால மலை. அவர் தொட்ட செடிகளின் உறவினர் பல நம் ஓடைக்கரைகளிலும் உண்டு.

வைட் வெளியிட்ட பெருநூல் 'கீழை இந்தியத் தாவரங்களின் உருவங்கள்' என்று பொருள்படும் இலத்தீன் தலைப்புடையது. 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகள், 2101 படங்கள். சென்னையில் கல்லச்சில் அச்சிடப்பட்டது. அப்படங்களிற் பெரும்பாலானவற்றை வரைந்தோர் இருவர்: முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. தஞ்சை ஓவிய மரபோடு தொடர்புடைய தெலுங்குக் குடியினராக இவர்கள் இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. இறைவன் திருவுருவத்தைத் தீட்டும் மரபிலிருந்து வந்த கை, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் மகரந்தத்தையும் சூலகத்தையும் தீட்டக் கற்றது. கோவிந்துவின் கைவண்ணம் பின்னர் பெட்டோம் என்னும் வன அதிகாரி வெளியிட்ட தாவர நூல்களிலும் தொடர்ந்தது. அவர்கள் தீட்டிய மூலப் படங்களுட் பல எடின்பரோ அரசத் தாவரவியல் தோட்டத்தில் இன்றும் காக்கப்படுகின்றன. அத்தோட்டத்தைச் சேர்ந்த ஹென்றி நோல்ட்டி 2007இல் வெளியிட்ட நூலின் தலைப்பில்தான் வைட்டின் பெயருக்குப் பக்கத்தில் ரங்கையா, கோவிந்து ஆகிய இருவர் பெயரும் ஒன்றாக நின்றன.

இவ்வரலாற்றில் நம் கட்டுரைக்கு மிக நெருங்கிய செய்தி ஒன்றுண்டு. தம் நூலின் கடைசித் தொகுதியில், 1853இல், வைட் ஒரு புதிய ஆர்க்கிட் பேரினத்துக்குத் தம் ஓவியரின் பெயரால் 'கோவிந்தூயியா' என்று பெயரிட்டார். ஐரோப்பியத் தாவரவியலார் தம் மன்னர்க்கும் ஆளுநர்க்கும் நண்பர்க்கும் செடிகளைப் பெயராகச் சூட்டிய காலம் அது. ஊதியத்திற்கு வரைந்த ஓர் இந்திய ஓவியருக்கு அப்பெருமை கிடைத்தது அரிதினும் அரிது. அச்செடி மரத்தில் தொற்றி வாழும் பகட்டான ஆர்க்கிட் அன்று. இருண்ட காட்டின் தரையில், சருகு மண்ணில் வேரூன்றி, சிறு பூக்களைப் பூக்கும் தரைவாழ் ஆர்க்கிட்.

ஆனால் அப்பெயர் நிலைக்கவில்லை. அச்செடி முன்னரே வரையறுக்கப்பட்ட டிரோப்பிடியா என்னும் பேரினத்தைச் சார்ந்தது எனத் தாவரவியலார் பின்னர் முடிவு செய்தனர். முந்திய பெயருக்கே உரிமை என்பது அத்துறையின் விதி. எனவே கோவிந்தூயியா என்பது வழக்கொழிந்த பெயர்களின் பட்டியலுக்குள் சென்றுவிட்டது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை, விதி விதிதான். ஆயினும் காட்டுத்தரையில் டிரோப்பிடியாவைக் காண்போர், ஒரு காலத்தில் அதற்கு நம் நாட்டு ஓவியர் ஒருவரின் பெயர் இருந்தது என்பதை ஒரு கணமேனும் எண்ணுவாராக.

ஒளி எழுதத் தொடங்கிய காலம்

வைட்டின் நூல் வெளிவந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் ஒளிப்படக்கலை பிறந்தது. பிறக்கும்போதே அது இலையைப் பற்றிக்கொண்டு பிறந்தது எனலாம். 1839 சனவரியில் இங்கிலாந்தில் ஃபாக்ஸ் டால்பட் தம் கண்டுபிடிப்பை அறிவித்தபோது காட்டியவற்றுள் இலைகளின் நிழற்பதிவுகளும் இருந்தன. இரசாயனம் பூசிய தாளின் மேல் இலையை வைத்து வெயிலில் காட்டினால், இலை மறைத்த இடம் வெண்மையாகவும் மற்ற இடம் கருமையாகவும் மாறும். 1843இல் அன்னா அட்கின்ஸ் என்னும் பெண்மணி இம்மாதிரி முறையொன்றில் கடற்பாசிகளின் நீலப் பதிவுகளை நூலாக்கத் தொடங்கினார். ஒளிப்படங்களால் விளக்கப்பட்ட முதல் நூல் அதுவே என்பர்.

இவையெல்லாம் செடியை வெயிலுக்குக் கொணர்ந்து செய்தவை. காட்டின் இருளுக்குள் கேமரா செல்ல நெடுங்காலம் ஆயிற்று. காரணம் எளிது. அக்காலத் தாளும் கண்ணாடித் தகடும் ஒளியை மெல்லவே உண்டன. நம் நாட்டில் லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சை, திருவரங்கம் முதலிய ஊர்களில் எடுத்த படங்கள் புகழ்பெற்றவை. தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டுகளை 21 பதிவுகளாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார் அவர். கல் அசையாது; வெயில் மிகுதி; காத்திருக்கக் கல்லுக்குப் பொறுமையும் உண்டு. காற்றில் ஆடும் ஒரு விரல் உயரச் செடிக்கு, அதுவும் நிழலில், அவ்வசதி ஏதுமில்லை. எனவே தாவரவியல் நெடுங்காலம் ஓவியர் கையையே நம்பியிருந்தது.

ஒளிப்படக்காரர்கள் செடியை நெருங்கியபோதும் முதலில் அதன் நிலத்தைத் துறந்தே நெருங்கினர். ஜெர்மனியின் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் 1928இல் வெளியிட்ட நூலில் தளிரும் மொட்டும் தண்டும் பலமடங்கு பெருக்கப்பட்டுச் சிற்பம்போல் நிற்கின்றன. பின்னால் வெறுந்திரைதான். செடி எங்கே வாழ்ந்தது என்பதை அப்படங்கள் சொல்லா.

நான்கு விநாடியின் கணக்கு

இருண்ட தரையில் செடியைப் படமெடுப்பதன் கடினத்தை, கேமரா பழகாத கவிஞர்களுக்காகச் சிறிது விளக்குவேன். அடர்ந்த பசுமை மாறாக் காட்டில் மேலே விழும் ஒளியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே தரையை வந்தடைகிறது. நல்ல வெயிலில், 100 எண் வேகமுள்ள ஃபிலிமில், லென்ஸின் துளையை 16 என்று வைத்தால் ஏறத்தாழ நூறில் ஒரு விநாடி போதும். நூறில் ஒரு பங்கு ஒளிக்கு ஒரு முழு விநாடி வேண்டும். அருகே சென்று செடியை அதன் இயலளவிலேயே ஃபிலிமில் விழச் செய்ய வேண்டுமானால், லென்ஸை ஃபிலிமிலிருந்து இருமடங்கு தள்ள நேரும். ஒளி நான்கில் ஒன்றாகும். ஒரு விநாடி நான்காகும். மேலும், நேரம் விநாடிக்கு மேல் நீளும்போது ஃபிலிம் சோர்வடையும். அதற்கும் சேர்த்துக் கூட்ட வேண்டும். என் படத்தில் செடி இயலளவிற் பாதியாகவே விழுந்தது. கணக்குப்படி இரண்டேகால் விநாடி. சோர்வையும் கூட்ட நான்காயிற்று.

துளையைப் பெரிதாகத் திறந்தால் நேரம் குறையுமே என்று கேட்கலாம். திறந்தால் ஆழம் போய்விடும். இயலளவில் எடுக்கும்போது, துளையை 16 என்று சுருக்கியும்கூடக் கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டரே. பூவின் முன்னிதழ் தெளிந்தால் பின்னிதழ் மங்கும். ஃபிளாஷ் விளக்கைப் பயன்படுத்தலாம். செடி பளிச்சென்று விழும். ஆனால் விளக்கின் ஒளி சற்று அப்பால் சென்றதும் நலிந்துவிடுவதால் பின்னுள்ள காடு முழுவதும் நள்ளிரவாகிவிடும். வண்ணப் படத்தில் இன்னொரு தொல்லை. இலைகளின் ஊடே வடிந்து வரும் ஒளியில் பச்சை மிகுந்திருக்கும். நம் கண் அதனைத் தானே திருத்திக்கொள்ளும், ஃபிலிம் திருத்தாது. வெண்பூவும் பச்சை பாரித்து நிற்கும்.

எனவே இக்கலையில் வல்லோர் கையாளும் கருவிகள் எளியவை. தரையோடு தாழும் முக்காலி, அல்லது மணல் நிரப்பிய துணிப்பை. நிழலில் சிறிது ஒளி ஏற்ற ஒரு வெள்ளைத் தாள். காற்று ஓயும்வரை காத்திருக்கும் பொறுமை. இன்றைய எண்முறைக் கேமராக்கள் இருளை எளிதிற் காண வல்லவை. பல விநாடிகள் நீள்கின்ற காத்திருப்பு சுருங்கியிருக்கிறது. மண்ணில் மார்பு படக் கிடந்து நோக்க வேண்டிய கடமை மட்டும் சுருங்கவில்லை. அப்படிக் கிடக்கும்போதுதான் ஒரு செடிக்குப் பக்கத்தில் இன்னும் சிறிய மூன்று செடிகள் நம் முழங்கையின் கீழ் நசுங்குவது தெரியவரும். படத்தின் அழகுக்காகச் சருகைக் கூட்டித் தள்ளுவோர், அச்செடியின் போர்வையைப் பறிக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

திருநெல்வேலி தந்த கிருஷ்ணன்

தமிழ்நாட்டில் காட்டையும் கேமராவையும் எழுத்தையும் ஒருங்கிணைத்த முன்னோடி மா. கிருஷ்ணன். இவர் நம் மாவட்டத்தார்க்கு அயலாரல்லர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய பெருங்குளம் அ. மாதவையாவின் மகன், 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போது தாவரவியல் பேராசிரியர் ஃபைசனின் மாணவரானார். ஃபைசன் நீலகிரி, பழனி மலைமுடிகளின் தாவரங்களைப் பற்றி நூல் எழுதியவர். அந்நூலுக்குப் படங்கள் வரைந்தோருள் அவர் மனைவி டயானா ரூத் ஃபைசனும் ஒருவர். ஆசிரியரோடு மலைகளுக்குச் சென்ற கிருஷ்ணன், அவ்வம்மையாரிடம் நீர்வண்ண ஓவியமும் கற்றார். ஓவியர் கை முடிந்து கேமரா தொடங்கும் எல்லையில் நின்றவர் கிருஷ்ணன் என்பதை இச்செய்தி உணர்த்தும்.

1950 முதல் 1996இல் மறையும் வரை கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கை பற்றிய பத்தியை விடாது எழுதினார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பல பாகங்களைத் தாமே கூட்டியமைத்த தம் பெருங்கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டார். கறுப்பு வெள்ளையை விட்டு வண்ணத்துக்கு அவர் மாறவில்லை. அவர் புகழ் யானை முதலிய விலங்குப் படங்களால் வந்தது. தரைச் செடிகளால் அன்று. ஆயினும் தாவரவியல் கற்ற அவர், விலங்கை அதன் புல்லோடும் புதரோடும் சேர்த்தே கண்டார். உள்நாட்டுச் செடிகொடிகளின் உரிமைக்காக வாதிட்டார். தமிழிலும் எழுதினார்; அக்கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாக்கினார். படத்தோடு சொல்லும் சேர வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. பெயரற்ற படத்தை அவர் ஏற்றிருக்கமாட்டார் என்றே எண்ணுகிறேன்.

ஆரோக்கியப்பச்சை சொல்லும் பாடம்

பெயரும் பெயர் சொன்னவரும் ஏன் இத்துணை முக்கியம் என்று கேட்போர்க்கு நம் மலைத்தொடரின் தென்கோடியிலேயே விடையுண்டு. அகத்தியர் மலைப் பகுதியின் காடுகளில், நிழலில், ஓடையோரத்தில் வளரும் சிறு செடி ஆரோக்கியப்பச்சை. கருஞ்சிவப்புச் சாயலுள்ள அதன் பூ மண்ணுக்குச் சற்றே மேலே, இலைக்காம்பின் அடியில் ஒளிந்து பூக்கும். குனியாதார் கண்ணுக்கு அது தெரியாது. ஐரோப்பியத் தாவரவியல் இச்செடிக்கு 1788இலேயே இலத்தீன் பெயர் இட்டுவிட்டது. இனம், பேரினம், இலை அளவு எல்லாம் ஏட்டில் இருந்தன. அதன் காயைத் தின்றால் களைப்பு நீங்கும் என்பது மட்டும் ஏட்டில் இல்லை. அது காணிமக்களின் அறிவில் இருந்தது.

1987இல் புஷ்பாங்கதன் தலைமையில் மலையேறிய ஆய்வுக் குழுவினர், களைக்காமல் நடந்த காணி வழிகாட்டிகள் இடையிடையே எதையோ தின்பதைக் கண்டு கேட்டனர். மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி ஆகியோர் அச்செடியைக் காட்டினர். பாலோடிலுள்ள தாவரவியல் தோட்ட ஆய்வு நிலையம் அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கி, 1995இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கு உரிமம் அளித்தது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதியைக் காணிமக்களுக்கு அளிப்பதென்று முடிவாயிற்று. அதற்கென 1997இல் அறக்கட்டளை பதிவாயிற்று. மலைமக்களின் அறிவுக்கு இவ்வாறு பங்கு தந்தது உலகிலேயே முன்னோடி முயற்சிகளுள் ஒன்றாகப் பேசப்பட்டது. தேவை கூடியதும் காட்டிலிருந்தே செடியைப் பிடுங்குவார்களோ என்ற அச்சமும், பங்கு எல்லாக் காணியருக்கும் சென்றதா என்ற கேள்வியும் உடன் எழுந்தன. அவை நியாயமானவையே. எனினும் காட்டியவர் பெயர் எழுதப்பட்டிருந்ததால்தான் கேள்வி கேட்கவேனும் முடிந்தது. எழுதப்படாதிருந்தால் பங்கும் இல்லை, வழக்கும் இல்லை.

முதற்பொருளும் கருப்பொருளும்

கவிஞர்களுக்கு ஒரு சொல். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். மரமும் பூவும் விலங்கும் கருப்பொருள் ஆயின. வைட்டின் ஓவியர்கள் நமக்குத் தந்தது கருப்பொருள். வெண்தாளில், நிலமும் பொழுதும் நீங்கி, செடி மட்டும் நிற்கிறது. இனம் அறிவதற்கு அதுவே ஏற்றது. காட்டுத்தரையில் எடுத்த ஒளிப்படம் முதற்பொருளையும் சேர்த்துத் தருகிறது. சருகின் ஈரம், பாறையின் பாசி, மேலிருந்து ஒரு நாணய அளவில் விழுந்து நகரும் வெயில், எந்த மாதம், எந்த நேரம் என்பவையெல்லாம் அதில் உண்டு. கோவிந்துவின் கை செய்ய இயலாததை இது செய்கிறது. கோவிந்துவின் கை செய்ததை, அதாவது பூவைப் பிளந்து உள்ளுறுப்பைக் காட்டுவதை, இதனால் செய்ய இயலாது. இரண்டும் வேண்டும். இரண்டிலும் பெயர் வேண்டும்.

பெயர் தருவது படத்தின் வேலையன்று, மனிதரின் வேலை. நம் மலையடிவார ஊர்களில் ஆடு மேய்ப்போரும், தேனெடுப்போரும், பச்சிலை வைத்தியரும் அறிந்த செடிப்பெயர்கள் எத்தனையோ இன்னும் எந்த அகராதியிலும் ஏறவில்லை. அவற்றை அறிந்தோர் ஆண்டுக்காண்டு குறைகின்றனர். 99 பெயரை ஒரே மூச்சில் சொன்ன புலவரின் வழிவந்த நாம், மலைக்குப் போய்வந்து ஐந்து பெயரேனும் எழுதலாமே.

ஆதலால் வட்டத்தாருக்கு என் வேண்டுகோள் சிறியது. இனி எடுக்கும் ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் நான்கு செய்திகளைக் குறியுங்கள்: செடிக்குச் சொல்லப்பட்ட பெயர், சொன்னபடியே, அவர் இசைந்தால், சொன்னவர் பெயர், மாதம், நிலத்தின் இயல்பு. அரிய ஆர்க்கிட்டும் மருந்துச் செடியும் ஆனால் இடத்தைத் துல்லியமாக வெளியிடாதீர்கள். பிடுங்கிச் செல்வோரும் நம் மலரைப் படிக்கக்கூடும். துளையும் நேரமும் அதன் பிறகு, இடமிருந்தால் எழுதுங்கள்.

மலர் வெளியீட்டு நாளில் என் பழைய படத்தை மேடைக்கு அருகில் ஒரு மேசைமேல் வைக்க எண்ணியிருக்கிறேன். அச்செடியைக் கண்டு பெயர் சொல்ல வல்லார் எவரேனும் வந்திருந்தால் அன்புகூர்ந்து சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் அழைத்து வாருங்கள். பென்சிலும் உடன் வைத்திருப்பேன்.